ஓட்டத்துக்கு ஷூ: நீளம் மட்டும் பார்த்தால் போதாது

ஓடத் தொடங்குகிறவருக்குப் பெரிய செலவு கிடையாது. வீட்டில் கிடக்கும் டி-ஷர்ட் போதும், பழைய டிராக் பேன்ட் போதும், கைக்கடிகாரம்கூட அவசியமில்லை. ஷூவுக்கு மட்டும் கொஞ்சம் பணத்தையும், அதைவிட முக்கியமாக நேரத்தையும் ஒதுக்குங்கள். ஒரு கிலோமீட்டர் ஓடினால் இரண்டு கால்களும் சேர்ந்து ஏறத்தாழ ஆயிரம் தடவை தரையில் இறங்குகின்றன. ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விசை பாதத்தின் மேல் விழுகிறது. கடைக்குள் நாலு எட்டு நடக்கும்போது தெரியாத சின்ன உரசல், ஐந்தாவது கிலோமீட்டரில் கொப்புளமாக எழுந்து நிற்பது இதனால்தான்.

பெரும்பாலும் நடப்பது இப்படி. கடையில் எட்டாம் நம்பரைப் போட்டுப் பார்க்கிறோம். சுண்டுவிரல் பக்கம் இறுக்குகிறது. ஒன்பது எடுத்துத் தருகிறார்கள். இறுக்கம் போய்விட்டது, பில் போட்டு வாங்கி வருகிறோம். ஆனால் அகலத்துக்காக நம்பரை ஏற்றியபோது நீளமும் சேர்ந்து ஏறிவிட்டது. குதிகால் உள்ளே ஏறி இறங்குகிறது. ஷூ மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் ஒன்றாக இல்லை. இறக்கத்தில் ஓடும்போது பாதம் முன்னால் சறுக்கி விரல்கள் போய் முட்டுகின்றன. கொஞ்ச நாளில் பெருவிரல் நகம் கறுக்கிறது. நகம் கறுத்ததும் ‘ஷூ சின்னது போல’ என்று நினைத்து அடுத்த தடவை பத்தாம் நம்பருக்குப் போகிறவர்கள் ஏராளம்.

நம் கடைகளில் புழங்கும் பிரிட்டிஷ் அளவுமுறையில் ஒரு நம்பர் ஏறினால் நீளம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் கூடும். முன்பாதத்தின் குறுக்கே கூடுவது அதில் ஒரு சிறு பங்குதான். கொஞ்சம் அகலம் வேண்டி நிறைய நீளத்தை வாங்கிக்கொள்கிறோம்.

நம் பாதங்களுக்கு இந்தத் தொல்லை கூடுதலாக வருவதற்குக் காரணம் உண்டு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறோம். வெளியே போனாலும் விரல்களை விட்டுவைக்கும் செருப்புதான். விரல்கள் விரிந்து வளர இடம் கிடைக்கிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்தே வாழ்ந்தவர்களின் பாதங்களையும் பெல்ஜியத்தில் ஷூ போட்டு வளர்ந்தவர்களின் பாதங்களையும் அளந்து பார்த்தது. நம்மவர்களின் பாதம் அகலமாகவும், எடையைப் பல இடங்களுக்குச் சமமாகப் பகிர்ந்து கொடுப்பதாகவும் இருந்தது. பெல்ஜியக்காரர்களின் பாதம் ஒடுங்கியிருந்தது. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அண்மையில் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்து, இந்தியர்களுக்கென்று தனி அளவுமுறை ஒன்றை வகுத்தது. ‘பா’ என்பது அதன் பெயர். இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்பது அந்தக் கணக்கெடுப்பிலும் தெளிவாகத் தெரிந்தது. பெரிய கம்பெனிகளின் ஓட்ட ஷூக்களோ இன்றும் பெரும்பாலும் வெளிநாட்டுப் பாதத்தை வைத்துச் செதுக்கிய அச்சுகளின் மேல்தான் உருவாகின்றன. திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாறில் நைக்கி ஷூக்கள் தைக்கப்படுகின்றன. அங்கே தைப்பதாலேயே அவை அங்கிருக்கும் பாதத்துக்குப் பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது.

வீட்டில் ஒரு தாளும் பென்சிலும்

கடைக்குப் போகும் முன்பே உங்கள் அளவு உங்கள் கையில் இருக்கட்டும். மாலையில் அளவெடுங்கள். நாள் முழுக்க நின்று நடந்ததில் பாதம் சற்று உப்பியிருக்கும்; ஓடும்போதும் அப்படித்தான் உப்பும். ஒரு தாளைச் சுவரை ஒட்டித் தரையில் வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி அதன் மேல் நில்லுங்கள். உட்கார்ந்தபடி அளந்தால் கணக்கு தப்பிவிடும். எடை இறங்கினால்தான் பாதம் நீண்டு விரியும். கோடு போடும் வேலையை வீட்டில் வேறொருவரிடம் கொடுங்கள், நீங்களே குனிந்தால் எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மிக நீளமான விரலின் நுனியில் ஒரு கோடு. சிலருக்கு அது இரண்டாம் விரலாக இருக்கும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு பெருவிரலின் அடிமூட்டு புடைத்திருக்கும் இடத்திலும் சுண்டுவிரலின் அடிமூட்டிலும் ஒவ்வொரு கோடு. இரண்டு பாதங்களையும் அளந்து, பெரியது எதுவோ அதன் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம்.

நம்பரை நம்பாமல் சென்டிமீட்டரை நம்புங்கள். நைக்கியில் யூகே 8 என்பது யூஎஸ் 9. அடிடாஸில் அதே யூகே 8 என்பது யூஎஸ் 8.5. ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளில் இந்த நம்பர்களோடு சென்டிமீட்டர் அளவும் பெரும்பாலும் இருக்கும். உங்கள் பாதம் 26 சென்டிமீட்டர் என்றால், 26.5 அல்லது 27 என்று போட்டிருப்பதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.

அகலத்துக்கும் குறியீடு உண்டு, அதை நம் கடைகளில் கேட்பவர்கள்தான் குறைவு. ஆண்களுக்கு டி, பெண்களுக்கு பி என்பது வழக்கமான அகலம். ஆண்கள் ஷூவில் 2ஈ என்றால் அகலம், 4ஈ என்றால் இன்னும் அகலம். பெண்களுக்கு டி என்பதே அகலக் கணக்கில் வந்துவிடும். நியூ பேலன்ஸ், ஆசிக்ஸ், ப்ரூக்ஸ் மூன்றும் சில மாடல்களை இப்படி இரண்டு மூன்று அகலங்களில் தயாரிக்கின்றன. எல்லாக் கடையிலும் அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். வாய்விட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள்.

பெண்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பெண்கள் பிரிவில் அகலமான ஷூ கிடைக்காவிட்டால் ஆண்கள் பிரிவில் அதே மாடலை, சென்டிமீட்டர் அளவு பொருந்துகிறதா என்று பார்த்துப் போட்டுப் பாருங்கள். முன்பாதத்துக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். குதிகால் பக்கம் மட்டும் சற்றுத் தொளதொளப்பாக இருக்கலாம்; அதற்கு லேஸ் கட்டும் முறையில் தீர்வு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

கடையில் அரை மணி நேரம்

மாலையில் போங்கள், கூட்டம் அலைமோதும் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஓடும்போது எந்த சாக்ஸ் போடுவீர்களோ அதையே எடுத்துச் செல்லுங்கள். கடையில் தரும் மெல்லிய சாக்ஸைப் போட்டுப் பார்த்து வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் அளவு மாறிவிடும்.

ஷூவைக் காலில் போடும் முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் இன்சோலை மெல்ல உருவித் தரையில் வைத்து அதன் மேல் நில்லுங்கள். பெரும்பாலான ஓட்ட ஷூக்களில் அது கழற்றக்கூடியதுதான். பாதத்தின் ஓரம் இன்சோலைத் தாண்டி வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு ஒடுங்கியது. நம்பர் ஏற்றிப் பயனில்லை. வேறு அகலம் அல்லது வேறு மாடல் கேளுங்கள். கடைப் பையன் வித்தியாசமாகப் பார்த்தாலும் பரவாயில்லை, இந்த ஒரு சோதனை வேண்டாத பல ஜோடிகளை உடனே கழித்துவிடும்.

அடுத்தது காலில் போட்டு, லேஸ் கட்டி, எழுந்து நிற்பது. விற்பனையாளர் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே நுனியை அழுத்திப் பார்த்து ‘கரெக்டா இருக்கு சார்’ என்பார். நின்ற பிறகு இன்னொரு தடவை அழுத்தச் சொல்லுங்கள். நீளமான விரலின் நுனிக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். விரல்களை மேலும் கீழும் அசைக்க முடிய வேண்டும். சுண்டுவிரல் இருக்கும் இடத்தில் துணி வெளியே புடைத்துத் தெரிந்தால் அங்கேதான் பின்னால் ஓட்டை விழும்.

குனிந்து லேஸ் துளைகளைப் பாருங்கள். கட்டிய பிறகு இரண்டு வரிசைகளும் ஏறக்குறைய இணையாக நிற்க வேண்டும். நடுவில் வாய் பிளந்து விலகி நின்றால் ஷூ உங்கள் பாதத்தின் பருமனுக்குப் போதவில்லை. இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருங்கினால் ஷூ உங்களுக்குப் பெரிது.

பிறகு ஓடிப் பாருங்கள். நடந்து பார்ப்பது போதாது. நடையில் குதிகால் இறங்கும் விதம் வேறு, ஓட்டத்தில் வேறு. சில கடைகளில் டிரெட்மில் இருக்கிறது. இல்லாவிட்டால் கடையின் நீளத்துக்கு நாலைந்து முறை ஓடுங்கள், வெட்கப்பட வேண்டாம். இடது காலில் ஒரு மாடலும் வலது காலில் இன்னொரு மாடலும் போட்டு ஓடினால் வித்தியாசம் சட்டென்று புலப்படும். கவனிக்க வேண்டியவை மூன்று: குதிகால் உள்ளே நழுவுகிறதா, கணுக்கால் எலும்பில் ஓரம் உரசுகிறதா, முன்பாதம் மடங்கும் இடத்தில் ஷூவும் மடங்குகிறதா.

எங்கேயாவது கடித்தால் ‘போகப் போக இளகிடும் சார்’ என்பார்கள். அது தோல் செருப்புக்கும் தோல் ஷூவுக்கும் பொருந்தும் பேச்சு. ஓட்ட ஷூவின் மேல்துணி பாலியெஸ்டர், நைலான் வலை. அது தோலைப் போல இளகிக் கொடுக்காது. முதல் நாள் கடித்த இடத்தில்தான் நூறாவது நாளும் கடிக்கும். கடையில் சுகமாக இல்லாத ஷூவை எந்தத் தள்ளுபடிக்காகவும் வாங்காதீர்கள்.

தட்டைப் பாதம் என்று சொன்னால்

ஈரக்காலைத் தரையில் பதித்துப் பார்த்து, தடம் முழுசாக விழுந்தால் தட்டைப் பாதம், அதற்குத் தனி ஷூ வேண்டும் என்பார்கள். சில கடைகளில் கேமரா வைத்துப் பார்த்துவிட்டு, கால் உள்பக்கம் சாய்கிறது, ஸ்டெபிலிட்டி ஷூதான் வாங்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வார்கள். பல வருடங்களாக இதுவே வேதவாக்காக இருந்தது. அமெரிக்க ராணுவம், விமானப்படை, மெரீன் படை ஆகியவற்றில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு வளைவைப் பாராமல் எல்லோருக்கும் ஒரே வகை ஷூ. 2009, 2010-ஆம் ஆண்டுகளில் வெளியான முடிவுகளின்படி, காயம் ஏற்படுவதில் இரு பிரிவினருக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஓட்டக் காலணிகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த பென்னோ நிக், 2015-இல் வேறொரு கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு உடலுக்கும் தனக்கு இயல்பான அசைவுப் பாதை ஒன்று உண்டு. ஓடுபவருக்கு எந்த ஷூ சுகமாக இருக்கிறதோ அது பெரும்பாலும் அந்தப் பாதையைக் கெடுக்காத ஷூ என்றார். இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஈரத்தடத்தைவிடவும் கேமராவைவிடவும், போட்டு ஓடிப் பார்க்கும் உங்கள் பாதத்தின் சொல்லுக்குக் கூடுதல் மதிப்பு கொடுங்கள். தட்டைப் பாதம் இருந்தும் இதுவரை வலி இல்லாமல் நடமாடுகிறவர் அதற்காகத் தனி ஷூ தேடி அலைய வேண்டாம். குதிகாலிலோ முழங்காலிலோ வலி இருந்தால் எலும்பு மூட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு விலக்கு உண்டு, இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். ஓட்டத்தையும் வேக நடையையும் மருத்துவர் சொல்லித் தொடங்குகிறவர்களில் பலர் சர்க்கரைக்காரர்கள். நீண்ட நாள் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், ‘சுகமாக இருக்கிறது’ என்று பாதம் சொல்வதை நம்ப முடியாது. கடிப்பதே தெரியாது. அவர்கள் தாளில் எடுத்த அளவையும் இன்சோல் சோதனையையும் மட்டுமே நம்பி வாங்க வேண்டும். பாதத்தை மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குவது இன்னும் நல்லது. ஒவ்வொரு முறை ஓடி வந்ததும் நல்ல வெளிச்சத்தில் இரு பாதங்களையும், விரல் இடுக்குகளையும், கண்ணாடி வைத்துப் பாதத்தின் அடியையும் பார்க்க வேண்டும். சிவந்த இடம் ஒன்று தெரிந்தால் அந்த ஷூவை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

நுரை, உயரம், விலை

தரையைத் தொடும் ரப்பருக்கும் பாதத்துக்கும் நடுவே இருக்கும் நுரையை மிட்சோல் என்பார்கள். 1970-களில் ஈவிஏ என்ற நுரை ஓட்ட ஷூக்களுக்குள் வந்தது. இன்றும் சாதாரண விலை ஷூக்களில் பெரும்பாலும் அதுவே. எடை குறைந்த, துள்ளல் மிகுந்த பீபா நுரை விலை உயர்ந்த ஷூக்களில் வருகிறது. 2017-இல் நைக்கி கொண்டுவந்த வேப்பர்ஃப்ளை அந்த நுரைக்குள் கார்பன் தகட்டையும் செருகியது. அதன் பிறகு எல்லாக் கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன. இருபதாயிரம் ரூபாயைத் தாண்டி விற்கும் அந்த ஷூக்கள் பந்தய நாளுக்கானவை. மெரினாவிலோ கோவை ரேஸ்கோர்ஸிலோ காலையில் நாலு சுற்று ஓடத் தொடங்குகிறவருக்கு அவை வேண்டாம். வேகமாகத் தேயும், மெதுவாக ஓடுகிறவருக்குப் பலனும் குறைவு.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையே உள்ள உயர வித்தியாசத்தை டிராப் என்கிறார்கள். வழக்கமான ஷூக்களில் 8 முதல் 12 மில்லிமீட்டர். டிராப் குறையக் குறைய சுமை முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் நகரும். ஆல்ட்ரா போன்ற கம்பெனிகள் டிராப்பே இல்லாமல், விரல் பக்கம் நன்றாக விரிந்த ஷூக்களைச் செய்கின்றன. அகலப் பாதக்காரர்களுக்கு அவை ஆசை காட்டும். வாங்கினால் முதல் சில வாரங்கள் குறைந்த தூரம் மட்டும் ஓடி, கெண்டைக்காலைப் பழக்குங்கள்.

எடையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடுவதற்குச் செலவாகும் சக்தி சுமார் ஒரு சதவீதம் கூடும். அன்றாட ஓட்டத்துக்கு இது பெரிய விஷயமில்லை. காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கும் விலை உயர்ந்த ஷூ தேவையில்லை. கனமில்லாத, விரலுக்கு இடம் கொடுக்கும், குதிகாலைப் பிடித்து நிற்கும் சாதாரண ஓட்ட ஷூ போதும். கைக்காசைச் சேர்த்து வைத்து வாங்கும் அவர்களை ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று விற்கும் போலிகளின் பக்கம் போகவிடாதீர்கள். பெயர் தெரிந்த கம்பெனியின் மலிவான மாடல், பெரிய பெயர் ஒட்டிய போலியைவிட எவ்வளவோ மேல்.

காசு மிச்சம் பிடிக்க நல்ல வழி, போன வருடத்து மாடலை வாங்குவது. புது மாடல் வந்ததும் பழையதன் விலை கணிசமாக இறங்கும். அப்படி வாங்கும்போது பெட்டியில் விலைக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் வருடத்தையும் பாருங்கள். நம் ஊர் வெக்கையிலும் புழுக்கத்திலும் பல வருடம் கிடங்கில் கிடந்த ஷூவின் பசை விட்டுப்போகும்; சில வகை நுரைகள் பொடிந்தும் போகும்.

லேஸ், சாக்ஸ், ஈரம்

குதிகால் நழுவினால் மேலே கடைசியாக, சற்றுத் தள்ளி இருக்கும் கூடுதல் துளையைப் பயன்படுத்துங்கள். பலர் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். லேஸை எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோகாமல், அதே பக்கத்தில் உள்ள கடைசித் துளைக்குள் நுழைத்து ஒரு சின்ன வளையம் விடுங்கள். இரண்டு பக்கமும் இப்படிச் செய்த பிறகு, இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும் விட்டு, கீழ்நோக்கி இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். குதிகால் அசையாமல் உட்கார்ந்துவிடும், முன்பாதம் இறுகாது.

பருத்தி சாக்ஸ் உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் ஓட்டத்தில் எடுபடாது. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும், ஈரத்தில்தான் கொப்புளம் வரும். பாலியெஸ்டரோ நைலானோ கலந்த மெல்லிய விளையாட்டு சாக்ஸ் வாங்குங்கள்.

சென்னைப் புழுக்கத்தில் முழங்காலுக்குக் கீழே வழியும் வியர்வை ஷூவுக்குள் இறங்கும். மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். ஓடி வந்ததும் லேஸைத் தளர்த்தி, இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காற்றாட வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் பசை இளகும். வாஷிங் மெஷினில் போடாதீர்கள். பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் போதும். வசதியிருந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்று காயும்போது இன்னொன்று உழைக்கும் என்பதோடு உடம்புக்கும் அதில் நன்மை இருக்கிறது. லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரங்கள் கவனித்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் குறைவாகவே ஏற்பட்டது.

ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். உடல் எடை, தரை, ஓடும் விதம் எல்லாவற்றையும் பொறுத்து இது மாறும். வாங்கிய தேதியை இன்சோலுக்கு அடியில் பேனாவால் எழுதி வையுங்கள். அடி ரப்பர் தேய்ந்து நுரை தெரிந்தாலோ, மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது ஷூ ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலோ, ஓடும் தூரத்தைக் கூட்டாமலே முழங்காலிலும் கெண்டைக்காலிலும் புதிதாக நோவு தெரிந்தாலோ அதை நடைக்கு ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கும் வேளை வந்துவிட்டது. அப்போதும் அதே பெயர், அதே நம்பர் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். ஒரு மாடலின் அடுத்த பதிப்பில் அச்சையும் அகலத்தையும் நுரையையும் மாற்றிவிடுவது கம்பெனிகளின் வழக்கம். பழைய ஜோடியை ஒரு பையில் போட்டுக் கடைக்கு எடுத்துச் சென்று, இரண்டின் இன்சோல்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.